பஞ்சு தீர்ந்தது என்று எழுதினால் என்ன?

ஒரு நூற்பாலையின் நிர்வாகக் குழுவிடம் வருஷாந்தர அறிக்கை வந்திருப்பதாகவும், அதன் பன்னிரண்டாம் பக்கத்தில், 'மூலப்பொருள் கையிருப்பைப் பராமரிப்பதில் நேர்ந்த சில பின்னடைவுகளின் காரணமாக, உற்பத்தி இலக்கை எய்துவதில் ஓரளவு இடர்ப்பாடு உணரப்பட்டது' என்றொரு வாக்கியம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அங்கத்தினர்கள் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அதையே, 'மேலாளர் பஞ்சுக்குத் தாமதமாக ஆர்டர் கொடுத்ததால், மார்ச் மாதத்தில் ஆலை ஒன்பது நாள் ஓடவில்லை' என்று எழுதியிருந்தால், ஏன் தாமதம், எவ்வளவு நஷ்டம், இனி என்ன ஏற்பாடு என்று கேள்விகள் வரிசையாகக் கிளம்பியிருக்கும். அக்கேள்விகள் கிளம்பிவிடக் கூடாதென்றே அறிக்கைக்காரர் முதல் வாக்கியத்தைத் தேடிப் பிடித்தார் என்பது என் அபிப்பிராயம்.

வியாபார அறிக்கைகள் விளங்காமற் போவதற்கு, எழுதுகிறவர்களின் பாஷைப் பயிற்சிக் குறைவே காரணம் என்று பலரும் சொல்லுகிறார்கள். எனக்கோ, குறை பாஷையில் இருப்பதைவிடத் தைரியத்தில்தான் அதிகம் இருப்பதாகத் தோன்றுகிறது. பாலைக் கொட்டிய குழந்தை, 'பால் கொட்டிப் போச்சு' என்றுதான் சொல்லும். 'முடிவு எடுக்கப்பட்டது', 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று எழுதும் உத்தியோகஸ்தரும் அக்குழந்தையின் தந்திரத்தையே சற்றுக் கௌரவமாகக் கையாளுகிறார்; செயல் நிற்கிறது, கர்த்தா மறைந்துவிடுகிறான். 'ஓரளவு', 'கணிசமான' என்னும் சொற்களோ, அளவைச் சொல்வதுபோல் பாவனை செய்துகொண்டே அளவை மறைப்பவை.

இந்த நோய் இன்று நேற்று வந்ததன்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்கும்போது, பொருள் மயங்க வைப்பதையும், பயனற்ற சொற்களைத் தொடுப்பதையும், தொடக்கத்தில் எடுப்பாக நடந்து போகப்போகத் தேய்ந்து முடிவதையும் அவற்றுள் சேர்த்தார். பத்து அழகுகளைச் சொல்லும்போதோ, சுருக்கத்தையும் விளக்கத்தையும் முதலிரண்டு இடங்களில் வைத்தார். 1940 ஆகஸ்டில், ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தைத் தாக்கிக்கொண்டிருந்த நெருக்கடியிலும், பிரதமர் சர்ச்சில், அறிக்கைகள் மிக நீண்டுவிடுகின்றன என்றும், முக்கிய விஷயங்களைச் சிறு பத்திகளில் சொல்லிப் புள்ளிவிவரங்களைப் பிற்சேர்க்கையில் வைக்க வேண்டும் என்றும் சுற்றறிக்கை விடுத்தார். பெருஞ்செல்வரான வாரன் பஃபெட், 1998-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எளிய நடைக் கையேட்டுக்கு எழுதிய முன்னுரையில், ஆண்டறிக்கை எழுத உட்காரும்போது தம் சகோதரிகளுடன் பேசுவதாகவே பாவித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் நிபுணர்கள் அல்லர்.

'பெயரைச் சுட்டினால் மனிதர் மனம் புண்படாதா?' என்று சிலர் கேட்கக்கூடும். ஒருவேளை, பாங்கிலிருந்து பணம் வந்து சேராததால் அந்த மேலாளர் தாமதித்திருக்கலாம். அப்படியாயின், தெளிவான வாக்கியம் ஒன்றே அவருக்குத் தம் நியாயத்தை எடுத்துரைக்கச் சந்தர்ப்பம் அளிக்கும். மழுப்பலான வாக்கியம் குற்றவாளியைக் காப்பதோடு நிரபராதியையும் வாய் திறக்கவொட்டாமல் செய்துவிடுகிறது.

நீண்ட வாக்கியம் எழுதலாகாது என்பது என் வாதமன்று. அப்படிச் சொல்ல, இக்கட்டுரையை எழுதும் எனக்குச் சிறிதும் யோக்கியதை இல்லை. யார், என்ன செய்தார், எவ்வளவு, எப்போது, இனி என்ன செய்ய வேண்டும் என்னும் ஐந்துக்கும் அறிக்கையின் முதற்பக்கத்திலேயே விடை இருந்தால் போதும். அவ்விடைகள் இல்லாத அறிக்கையை, நிர்வாகக் குழுவினர் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பியனுப்பும் பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். பால் கொட்டிப் போச்சு என்றால், எந்தத் தாயும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவதில்லை; 'யார் கொட்டினது?' என்று கேட்ட பிறகுதான் துணியை எடுக்கிறாள்.