நீலச் சட்டைக்காரரைக் கூப்பிடுங்கள்

சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைச் சுற்றிக் கூட்டம் வேடிக்கை பார்த்தது என்று செய்தி வந்தால் போதும், ‘மனிதநேயம் செத்துவிட்டது’ என்று மறுநாளே ஒரு தலைப்பு வந்துவிடும். முதலுதவிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. லாரி டிரைவர்கள், கண்டக்டர்கள், நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைக்காரர்கள்தான் பெரும்பாலும் என் மாணவர்கள். அந்தத் தலைப்பை நான் நம்புவதில்லை. அது கெடுதலும் செய்கிறது என்பது என் கட்சி.

இந்தப் புலம்பலுக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1964 மார்ச் 13 பின்னிரவில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும் ஒருவரும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஊரே திட்டித் தீர்த்தது. பிற்பாடு கிளறிப் பார்த்தபோது அந்தக் கணக்கு நிற்கவில்லை. பலருக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. ஒருவர் ஜன்னலிலிருந்து அதட்டியதும் கொலைகாரன் முதலில் விலகி ஓடியிருக்கிறான். சோஃபியா ஃபாரர் என்ற பக்கத்து வீட்டுப் பெண் படியிறங்கி ஓடிவந்து, உயிர் போகும் நேரத்தில் கிட்டியைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். சாட்சிகளின் எண்ணிக்கையை மிகைப்படுத்திவிட்டோம் என்று 2016-இல் அந்தப் பத்திரிகையே எழுதியது.

ஆனாலும் அந்தத் தப்புக் கணக்கிலிருந்து ஒரு நல்ல ஆராய்ச்சி பிறந்தது. ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து மைக்கில் பேசவிட்டார்கள். பேச்சின் நடுவே ஒரு குரலுக்கு வலிப்பு வருகிறது, மூச்சுத் திணறுகிறது. அது முன்பே பதிவு செய்த குரல் என்று மாணவருக்குத் தெரியாது. ‘கேட்பது நான் ஒருவன்தான்’ என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் குரல் அடங்குவதற்குள் எழுந்து ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான். 1968-இல் வெளியான இந்த முடிவை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்த தகவல் அதே கட்டுரையில் வேறொரு மூலையில் இருக்கிறது: எழுந்து போகாதவர்களில் பலருக்குக் கை நடுங்கியிருக்கிறது, உள்ளங்கை வியர்த்திருக்கிறது. ஆய்வாளர் உள்ளே வந்ததும் ‘அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?’ என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கல்நெஞ்சக்காரனுக்குக் கை நடுங்குமா?

என் வகுப்பில் இதைச் சொன்னால் யாராவது ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, “எவனாவது போன் போட்டிருப்பான்னு நெனச்சேன் சார்” என்பார். பொறுப்பு பத்துப் பேருக்குப் பங்கு பிரியும்போது ஆளுக்கு ஒரு துளிகூடத் தேறுவதில்லை. அதனால் நான் கற்றுக்கொடுக்கும் முதல் பாடத்துக்குக் கட்டுத்துணி வேண்டாம். விரல் நீட்டுவதுதான் பாடம். “யாராவது 108-க்குப் போன் பண்ணுங்க” என்று கத்தாதீர்கள். “அண்ணே, நீலச் சட்டை, நீங்க 108-க்குப் பேசுங்க. பேசிட்டு எங்கிட்ட வந்து சொல்லுங்க. தம்பி, நீ அந்தப் பக்கம் வண்டியை நிறுத்து.” சொல்லிப் பார்க்கச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், கூச்சப்படுவார்கள். ஆள்காட்டியதும் அதுவரை கைகட்டி நின்றவரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும்.

கூட்டமாக இருந்தால் யாருமே வரமாட்டார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய நகரங்களில் பொது இடத்துச் சண்டைகளின் 219 கண்காணிப்பு கேமரா பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வந்தது. பத்தில் ஒன்பது சண்டைகளில் குறைந்தது ஒருவராவது குறுக்கே புகுந்து தடுத்திருக்கிறார். ஆள் கூடக்கூட, தடுக்க ஒருவர் வரும் வாய்ப்பும் கூடியிருக்கிறது. தனி ஒருவர் தயங்கலாம். கூட்டத்தில் யாரோ ஒருவர் தயங்குவதில்லை. இதை ஏன் எந்தத் தலைப்பும் சொல்வதில்லை? ‘இங்கே எவனும் உதவமாட்டான்’ என்று தினமும் படிப்பவன், ஒதுங்கிப் போவதுதான் ஊர் வழக்கம் என்று எடுத்துக்கொள்வான்.

நம் ஊரில் இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது: போலீஸ், கோர்ட்டு, சாட்சி. வகுப்பில் அதிகம் வரும் கேள்வி இதுதான். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது அதற்காக வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி அவரை வற்புறுத்தவும் முடியாது. ஓட்டுநர் உரிமம் கொடுக்கும்போது எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறோம். கூடவே இந்தப் பிரிவையும் விரல் நீட்டிக் கூப்பிடுவதையும் கால் மணி நேரம் பழக்கிவிட்டால் என்ன செலவாகிவிடும்?

அந்தச் சட்டத்தின் விதிகளில், உதவுவோரின் உரிமைகளை ஒவ்வொரு மருத்துவமனையும் வாசலிலோ கண்ணில் படும் வேறு இடத்திலோ இந்தி, ஆங்கிலம், உள்ளூர் மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, பார்வையாளர் நேரப் பலகைக்குப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள். பொதுவாக அல்ல, அவரைப் பார்த்தே கேளுங்கள்.