முழக்கமும் இசையும்

திருகோணமலையிலிருந்து மாணவ அன்பர் ஒருவர், "காரிலே பூட்டிய சப்வூபர் நன்றாக முழங்குகிறது, பாட்டுத்தான் விளங்கவில்லை. அம்ப்ளிபயரிலுள்ள திருகுகளை எவ்வாறு வைத்தல் வேண்டும்?" என வினவியுள்ளார். உட்துறைமுக வீதியில் மாலைவேளை நிற்போர் பலரும் அறிந்த முழக்கமே இது. ஆதலின், விடையை யாவர்க்கும் பொதுவாகக் கூறுகின்றோம்.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள மீடிறன்களைக் கேட்கவல்லது. மீடிறன் என்பது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் தொகை. இத்துணை அகன்ற எல்லையை ஒரே ஒலிபெருக்கி செம்மையாக ஒலித்தல் அரிது. நம் துறைமுகத்திலே பெருங்கப்பல் ஆழ்நீரை நாடும். கரையோரம் செலுத்தினால் தரைதட்டும். அவ்வாறே, மிருதங்கத் தொப்பியின் தாழ்ந்த நாதத்தைக் கதவிலுள்ள சிறிய ஒலிபெருக்கியிடம் ஒப்படைத்தால் அது திணறிக் கரகரக்கும். பாடகரின் குரலைச் சப்வூபரிடம் விட்டாலோ, அவர் டிக்கிக்குள் இருந்து பாடுவது போலத் தோன்றும்.

அவ்வவ்வொலியை அதனதன் வழியில் அனுப்பும் வடிகட்டியே 'கிராஸ்ஓவர்'. தாழ்ந்த மீடிறன்களை மட்டும் விடுவது 'லோ பாஸ்'. அது சப்வூபருக்கு உரியது. உயர்ந்தவற்றை மட்டும் விடுவது 'ஹை பாஸ்'. அது கதவு ஒலிபெருக்கிகளுக்கு உரியது. இரண்டையும் முதலில் 80 ஹேர்ட்ஸில் வைத்துத் தொடங்குக. முன்னதை 120இலும் பின்னதை 60இலும் வைத்தால், இடைப்பட்ட ஒலிகளை இரு சாராரும் எழுப்ப, பாட்டை மூழ்கடிக்கும் முழக்கம் உண்டாகும். மாற்றி வைத்தால் இடையிலே பள்ளம் விழும்.

வடிகட்டி சுவர் போன்றதன்று, சரிவு போன்றது. 'ஒக்டேவுக்கு 12 டெசிபெல்' என்று குறிப்பதன் பொருள் அதுவே. ஒக்டேவ் என்பது சங்கீதத்தில் ஷட்ஜம் முதல் மேல் ஷட்ஜம் வரையுள்ள ஒரு ஸ்தாயி. அதற்குள் மீடிறன் இரட்டிக்கும். எனவே 80இல் வைத்த லோ பாஸ், 160 ஹேர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு வலுவுடன் மட்டுமே விடும்.

'கெயின்' திருகு சத்தத்தைக் கூட்டுவதற்கு அன்று. உள்வரும் சமிக்ஞைக்கு அம்ப்ளிபயரை இசைவிப்பதற்கே. அதனைக் குறைவிலிருந்து மெல்ல உயர்த்துக. 'பாஸ் பூஸ்ட்' பூச்சியத்தில் இருக்கட்டும். அளவுமீறித் திருகினால் அலையின் முகடு வெட்டுண்டு ஒலி சிதையும். சப்வூபரின் கம்பிச்சுருள் வெந்துபோகவுங் கூடும். அது காசைக் கரியாக்குதலே.

பிறர் நலனும் இதில் அடங்கியுள்ளது. 80 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் 4 மீற்றருக்கும் அதிகம். இத்தகைய தாழ்ந்த ஒலி சுவரையும் எளிதிற் கடந்து, உறங்கும் குழந்தையையும் படிக்கும் பிள்ளையையும் வருத்தும். வண்டியிலிருப்பவர் செவிக்கும் இடர் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வரையறைப்படி, வளர்ந்தோர் 80 டெசிபெல் ஒலியை வாரத்தில் 40 மணி நேரம் வரை கேட்கலாம். 3 டெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகும். உட்செவியின் மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இறுதியாக ஓர் எளிய சோதனை. நன்கு பழகிய பாட்டொன்றைக் கேட்குங்கால், சப்வூபர் தனித்துத் தெரியாமலும், அதனை நிறுத்தியவுடன் குறை தெரிந்தும் இருக்குமாயின், திருகுகள் உரிய இடத்தில் உள்ளன என்று அறிக.