எண்ணெய் குடித்த பனியன் வேஸ்ட்: எங்கள் நிலைப்பாடு

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலையின் மற்ற ஊர்களிலும் ஒர்க்‌ஷாப், எஸ்டேட், தச்சுப் பட்டறை நடத்துகிறவர்களும் குடியிருப்பவர்களும் சேர்ந்தது எங்கள் அமைப்பு. எண்ணெயும் தின்னரும் ஊறிய துடைப்புத் துணியை எரிக்கக் கூடாது, ஓடையில் அலசக் கூடாது, ஊராட்சிக் குப்பை வண்டியில் போடக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. அதைக் கொடுக்க மலையிலேயே ஓர் இடம் காட்டாமல் கடைக்காரருக்கு அபராதம் போடுவதையும் நாங்கள் ஏற்கவில்லை.

திருப்பூரில் துணி வெட்டியது போக மிஞ்சும் துண்டுகள்தாம் 'பனியன் வேஸ்ட்' என்று கிலோக் கணக்கில் ஒர்க்‌ஷாப்புக்கு வருகின்றன. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் வண்டிகளுக்கு பிரேக் வேலை ஓயாது. எஸ்டேட்டில் ஜெனரேட்டர், பம்ப்செட், காப்பிப் பழம் உரிக்கும் பல்பர். எல்லாம் துடைத்த துணி சாயங்காலம் ஒரு மூலையில் குவிகிறது. இந்தக் குளிருக்கு வெந்நீர் பாய்லர் பற்றவைக்க அது தோதாக இருப்பதால் சிலர் வீட்டுக்கும் எடுத்துப் போகிறார்கள். ஓடிக் கறுத்த இன்ஜின் ஆயிலில் துத்தநாகம் போன்ற உலோகங்கள் உண்டு. அந்தப் புகை அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் நெஞ்சுக்குத்தான் போகும்.

எண்ணெய்த் துணி தானாகப் பற்றிக்கொள்ளும் என்று பொத்தாம்பொதுவாகப் பயமுறுத்துவதும் சரியில்லை. இன்ஜின் ஆயிலுக்கு அந்தக் குணம் அநேகமாக இல்லை. மரத்துக்குப் பூசும் லின்சீட் ஆயிலுக்கு உண்டு. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் காய்கிறது. அப்போது சூடு பிறக்கும். துணியை விரித்துப் போட்டால் சூடு ஆறிவிடும். கசக்கிக் குவித்தால் உள்ளுக்குள்ளேயே ஏறி, சில மணி நேரத்தில் புகையத் தொடங்கும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் 1991 பிப்ரவரி 23 இரவு இப்படித்தான் பற்றியது. மரவேலைக்குப் பயன்படுத்திய லின்சீட் துணிகளை 22-ஆம் மாடியில் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தனர்.

பெட்ரோலும் தின்னரும் வேறு ரகம். தாமாகச் சூடாகா, ஆனால் பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 40 டிகிரியிலேயே பெட்ரோல் ஆவி பற்றும் அளவுக்கு எழுந்துவிடும். மார்கழிப் பனியை நம்பிப் பயனில்லை. காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு ஊர்ந்து சர்வீஸ் பிட்டில் தேங்கும். ஒரு பீடித் துண்டு போதும். கழற்றிய பாகங்களைப் பெட்ரோலில் கழுவும் பழக்கத்தை விடும்படி முதலில் எங்கள் உறுப்பினர்களையே கேட்கிறோம். டீசலிலேயே கிரீஸ் போய்விடும், கொஞ்சம் கூடத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். துணிக்கு மூடியுள்ள இரும்பு டின் வேண்டும். லின்சீட் துணியைத் தனி டின்னில், தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

மாசி, பங்குனியில் சருகு காய்ந்து கிடக்கும் மலை இது. மழைக்காலத்திலோ ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் கிளியூர் அருவிக்குப் போகிறது. ஆகவே, எறிவதற்கு வசதியான பருவம் என்று ஒன்று இங்கே கிடையாது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில், முதல் அட்டவணையின் 33.2-ஆம் இனம் மாசுபட்ட பருத்தித் துணிதான். 90 நாள் வரை வைத்திருக்கலாம். பிறகு அனுமதி பெற்ற இடத்துக்கு, அனுமதி பெற்ற வண்டியில், படிவம் 10 எழுதி அனுப்ப வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இதற்கான கிடங்கு இருக்கிறது, சேலத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் மேல். பெரிய ஆலைக்கு இது ஒரு லாரி லோடு. மூன்று மாதத்தில் இரண்டு மூட்டை சேரும் கடைக்கு எந்த வண்டி மலையேறி வரும்? விதியை எழுதியவர்கள் மனத்தில் இந்தக் கடை இருந்ததாகத் தெரியவில்லை.

எனவே மலையில் ஒரு பொதுச் சேகரிப்பு இடம் வேண்டும் என்று கேட்கிறோம். கூரையும் சிமென்ட் தரையும் சுற்றிலும் வரப்பும் உள்ள ஒரு சின்னக் கொட்டகை போதும். டிரம்முக்கும் கூரைக்கும் ஆகும் செலவை எங்கள் சந்தாவிலிருந்து தருகிறோம். இடத்தை ஊராட்சி ஒன்றியமும், அனுமதியையும் 90 நாளுக்குள் ஒரு வண்டியையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தரட்டும். அதுவரை, டின்னை ஒழுங்காக மூடி வைத்திருக்கும் கடைக்கு நோட்டீஸ் வந்தால், அந்தக் கடைக்காரரோடு நாங்களும் வாரியத்தின் சேலம் அலுவலகத்துக்கு வருவோம். துணியை எரித்தவருக்காக வர மாட்டோம்.