மருத்துவரிடம் ஐந்து நிமிடம் தனியாக

சிங்கப்பூரின் முதல் பலதுறை மருந்தகம் 1963இல் குவீன்ஸ்டவுனில் திறக்கப்பட்டது. இன்று எந்த மருந்தகத்துக்குப் போனாலும் நம் குடும்பங்களில் ஒரு வழக்கத்தைக் காணலாம். நோயாளியுடன் அம்மாவோ அத்தையோ உள்ளே போவார். மருத்துவர் கேட்பதற்குப் பதிலையும் அவரே சொல்வார். அக்கறைதான். ஆனால், உறவினர் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாத விஷயங்களும் உண்டு.

பல் மருத்துவரின் நாற்காலியில் சாய மறுக்கும் அண்ணன், பரிசோதனைத் தேதியை மாற்றிக்கொண்டே இருக்கும் தங்கை. இவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்கிறோம். சிலருக்கு அது வெறும் ஊசி பயமாக இருக்கலாம். சிறுவயதில் அடியோ அத்துமீறலோ அனுபவித்தவர்களுக்கோ, மூடிய அறையும் முன்னறிவிப்பில்லாத தொடுதலும் அந்தப் பழைய பயத்தையே எழுப்பிவிடும்.

1980களில் சான் டியேகோவில் எடைக் குறைப்பு சிகிச்சை நடத்திய டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டிக்கு ஒரு புதிர். நன்றாக எடை குறைந்தவர்களே பாதியில் நின்றார்கள். பேசிப் பார்த்தபோது, பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் எனத் தெரிந்தது. அவரும் டாக்டர் ராபர்ட் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, இளமைத் துயரங்கள் கூடக்கூட இதய நோய், மனச்சோர்வு போன்றவையும் அதிகம் காணப்படுவதைக் காட்டியது.

இங்கும் மனநலக் கழகத்தின் ஆய்வில், ஏறத்தாழ மூவரில் இருவர் ஏதாவதொரு துயர அனுபவத்தைக் குறிப்பிட்டனர். பெற்றோரின் பிரிவு, மரணம், புறக்கணிப்பு ஆகியவையும் அதில் அடங்கும்.

இந்த வாரம் ஒன்றைச் செய்து பாருங்கள். பிள்ளை பதின்ம வயதில் இருந்தால், "டாக்டரிடம் நீயே பேசு, நான் வெளியே இருக்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். திரும்பும் வழியில் "என்ன சொன்னாய்?" என்று துருவ வேண்டாம்.

பயம் உங்களுக்கே இருந்தால், முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை. "பரிசோதனை எனக்குப் பதற்றம் தரும். தொடுவதற்கு முன் சொல்லுங்கள், கை தூக்கினால் நிறுத்துங்கள்" என்று தாதியிடம் சொன்னால் போதும். பெண் ஊழியர் உடனிருக்க வேண்டுமென்றும் கேட்கலாம்.

"வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஒரு வாக்கியமே கடினம். முதலில் தொலைபேசியில் பேச விரும்பினால் 1771 தேசிய மனநல உதவி எண். வீட்டில் வன்முறை இன்னும் நடந்துகொண்டிருந்தால் 1800-777-0000. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.