ஒரு வாரக் கணக்கு, அறுபதாண்டு நட்டம்

2024 ஜூலை 29 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், மூடப்பட்ட ரயில் பாதைகளையும் நிலையங்களையும் மீட்பதற்கான திட்டத்தை ரத்து செய்தார். மறு நிதியாண்டில் அதனால் மிச்சமாவது 8.5 கோடி பவுண்டு. அவர் சுட்டிக்காட்டிய பற்றாக்குறையோ 2,200 கோடி பவுண்டு. அதில் அரை சதவீதம்கூடத் தேறாத இந்தச் சேமிப்புக்குச் சிக்கனம் என்று பெயர். இந்தச் சிக்கனத்தின் விலை என்ன என்பதை அறிய, வடகிழக்கு இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து நிலக்கரி வட்டாரத்தில் உள்ள சீட்டன் டெலாவல் கிராமத்து நிலையத்தின் வரலாறு போதும்.

நிலக்கரியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப் பிறந்தது, அந்த நிலையம் இருந்த பிளைத்–டைன் ரயில்வே. சுரங்கக் குடியிருப்புகளுக்குப் பயணிகள் ரயிலும் அதே தண்டவாளத்தில்தான் ஓடியது. 1964 நவம்பர் 2 அன்று பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. ஆனால் தண்டவாளம் பெயர்க்கப்படவில்லை. நிலக்கரி வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. பாதையைப் பராமரிக்கும் செலவு அப்படியே நீடிக்க, அதில் மனிதர்கள் ஏறுவது மட்டும் நட்டமென்று தீர்மானிக்கப்பட்டது. அதே பாதையில் இருந்த ஆஷிங்டன் ஊரின் சுரங்கம் 1988இல் மூடப்பட்டது. வேலை வெளியூருக்குப் போன காலத்தில், அதைத் தேடிப்போக ரயில் இல்லை.

இந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட கணக்கைத்தான் உற்றுப்பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் பீச்சிங் 1963இல் வெளியிட்ட அறிக்கை, பாதைகளின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வெறும் ஒரு சதவீதப் பயணிகள் போக்குவரத்தையே சுமக்கிறது என்றது. 2,300க்கும் மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்னது. அதற்கான போக்குவரத்துக் கணக்கெடுப்பு 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம் நடந்தது. ஆண்டுக்கு 52 வாரங்கள், எடுத்துக்கொண்டது ஒன்று. அதோடு, வருவாய் முழுவதும் சீட்டு விற்ற நிலையத்தின் பெயரில் எழுதப்பட்டது. நியூகாசிலில் சீட்டு வாங்கிச் சீட்டன் டெலாவலில் இறங்கியவர் நியூகாசிலின் கணக்கில் வரவானார். கிராமத்து நிலையத்துக்கு அவர் பூஜ்யம். பெருநகர நிலையத்தைக் கொழுக்கவைத்துச் சிறு நிலையத்தை மெலியவைக்கும் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எந்த ஊர் நிலையத்தையும் மூடிவிடலாம்.

அறிக்கைக்கு ஏற்பாடு செய்த போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்பிள்ஸ், சாலை கட்டும் நிறுவனம் ஒன்றின் நிறுவனர்களில் ஒருவர். இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அவரை எதிர்த்து நின்றவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? பெரிய அளவிலான ரயில்வே மூடல்களை நிறுத்துவோம் என்று 1964 தேர்தல் அறிக்கையில் சொன்னது தொழிலாளர் கட்சி. அக்டோபர் 16 அன்று அதன் தலைவர் ஹெரால்ட் வில்சன் பிரதமரானார். 17 நாளில் இந்தப் பாதையில் பயணிகள் சேவை நின்றது. முந்தைய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது, சட்டம் கையைக் கட்டிவிட்டது என்பதெல்லாம் வெறும் சாக்கு. சட்டத்தைத் திருத்தத்தானே ஆட்சிக்கு வருகிறார்கள்? சுரங்கத் தொழிலாளர்களின் வாக்கில் வளர்ந்த கட்சி, அவர்களுடைய ரயிலைக் கைகழுவியது. அறுபது ஆண்டு கழித்து மீட்புத் திட்டத்தை ரத்து செய்ததும் அதே கட்சி.

புதிதாகத் திறக்க ஆகும் செலவைக் கேட்டாலே தலை சுற்றுகிறது என்பார்கள். 16.6 கோடி பவுண்டு என மதிப்பிடப்பட்ட இந்த ஆஷிங்டன்–நியூகாசில் பாதைக்கான செலவு, 29.85 கோடியாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் அது மீட்பதற்கு எதிரான வாதமன்று, மூடியதற்கு எதிரான வாதம். இருந்த நிலையங்களைக் காப்பாற்றியிருந்தால் புதிதாகக் கட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது. தவிர, இதே மீட்புத் திட்டத்தில் 2021இல் திறக்கப்பட்ட, தென்மேற்கு இங்கிலாந்தின் ஓக்ஹாம்ப்டன் பாதை மதிப்பீட்டைவிட ஒரு கோடி பவுண்டு குறைவாகவே முடிந்தது. ஆக, செலவு எகிறுவது விதியல்ல.

ரத்துக்கு முன்பே பணி தொடங்கிவிட்டதால் இந்தப் பாதை தப்பியது; 2024 டிசம்பர் 15 அன்று ஆஷிங்டனும் சீட்டன் டெலாவலும் மீண்டும் ரயிலைக் கண்டன. திட்டமிட்ட ஆறு நிலையங்களில் இரண்டு மட்டுமே திறந்திருந்த முதல் மாதத்திலேயே சுமார் 50,000 பயணங்கள் நடந்தன. ஆளில்லாத பாதை என்று அறுபதாண்டுக் கால அமைச்சர்கள் நம்பியது இதைத்தான். தண்டவாளம் வாசலில் கிடக்கும் ஒவ்வொரு சுரங்க ஊருக்கும் நிலையம் சட்டப்படியான உரிமையாக வேண்டும். அதை மறுக்கும் அரசுக்குச் சிக்கனம் பற்றிப் பேச அருகதை கிடையாது.