சூப்பர்மேன் வீடு இடித்த கதை

குட்டிகளே, 2025ல் வெளியான சூப்பர்மேன் படத்தைப் பார்த்தீர்களா? ஒரு நாடு, பக்கத்து நாட்டின் மீது படையெடுக்கிறது. சூப்பர்மேன் பறந்து போய்த் தடுத்துவிடுகிறார். நமக்குக் கைதட்டத் தோன்றும். ஆனால், பெண் நிருபர் லோயிஸ் லேன், யாரைக் கேட்டு இதில் தலையிட்டீர்கள் என்று அவரை மடக்குகிறார். போர், வறுமை, போதை போன்ற நிஜமான துன்பங்களைப் பற்றி, காமிக்ஸ் வீரர்களால் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியுமா?

கேள்வி பழையதுதான். 1938ல் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் பிறந்தபோது, அமெரிக்காவில் வேலையின்மை வாட்டிக்கொண்டிருந்தது. 1939ல் வந்த எட்டாம் இதழின் கதையைக் கேளுங்கள். ஏழைச் சிறுவர்கள் சிலர் திருடுகிறார்கள். பிள்ளைகள் மீது குற்றமில்லை, அவர்கள் வளரும் சேரிதான் காரணம் என்று சூப்பர்மேன் நினைக்கிறார். நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். ஆனால், அவர் கொடுத்த மருந்து? குடியிருப்பவர்களை வெளியேறச் சொல்லிவிட்டு, அந்த ஒண்டுக்குடித்தன வீடுகளை எல்லாம் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்! அரசாங்கம் அங்கே புது அடுக்குமாடி வீடுகள் கட்டித் தருகிறது, சுபம்.

அன்று ராத்திரி கைக்குழந்தையோடு தாய்மார்கள் எங்கே படுத்திருப்பார்கள் என்று யோசியுங்கள். கதையில் இரண்டு கட்டத்துக்குள் வீடு எழும்பிவிடும். நிஜத்தில் மனு, நிதி, அனுமதி என்று வருஷக்கணக்கில் அலைய வேண்டும். முஷ்டியால் முடிகிற வேலை இல்லை அது.

1971ல் ஸ்பைடர்மேன் கதைக்கு வந்த சோதனை வேறு விதம். போதைப் பழக்கத்தின் தீமையைக் கதையில் சொல்லும்படி, அமெரிக்க சுகாதாரத் துறையே எழுத்தாளர் ஸ்டான் லீயைக் கேட்டுக்கொண்டது. ஆனால், காமிக்ஸ்களைத் தணிக்கை செய்ய பதிப்பாளர்கள் அமைத்திருந்த குழு, போதை என்ற பேச்சே கூடாது என்று முத்திரை தர மறுத்தது. முத்திரை இல்லாமலே மூன்று இதழ்கள் வந்தன. அதே ஆண்டில் அந்த விதியும் தளர்த்தப்பட்டது. கதையில், நண்பன் ஹாரி மாத்திரைகளை விழுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வலை வீசி வில்லனைக் கட்டலாம். மாத்திரைப் பழக்கத்தைக் கட்ட முடியுமா? ஸ்பைடர்மேன் திணறுகிற அந்த இடம்தான் கதையிலேயே உண்மையான இடம் என்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, 1996ல் போஸ்னியா நாட்டுக் குழந்தைகளுக்காக வந்த சூப்பர்மேன் புத்தகம். யுனிசெஃபும் அமெரிக்க அரசும் டி.சி. காமிக்ஸும் சேர்ந்து கொண்டுவந்தவை அவை. போர் முடிந்திருந்தது, புதைத்த கண்ணிவெடிகள் மட்டும் மண்ணுக்குள் அப்படியே இருந்தன. சூப்பர்மேன் கண்ணுக்கு மண்ணுக்கடியில் இருப்பதும் தெரியும். படிக்கிற பையனுக்குத் தெரியாதே! ஆகவே, கண்ணிவெடி எப்படி இருக்கும், எங்கெல்லாம் இருக்கும், எதைத் தொடக்கூடாது என்று புத்தகம் சொல்லிக்கொடுத்தது. சண்டையிட்ட எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் படிக்க வேண்டுமே என்று லத்தீன், சிரிலிக் என இரண்டு எழுத்துகளிலும் அச்சிட்டார்கள்.