டெக் பிரயாணிகளின் பேரர்களுக்கு

பினாங்கு நகரில், முன்னாளில் பிட் ஸ்திரீட் எனப்பட்டு இந்நாளில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று வழங்கும் சாலையை அறியாத தமிழர் இந்நாட்டில் சிலரே. கிறிஸ்தவர் ஆலயம், சீனர் கோயில், மாரியம்மன் கோயில், முஸ்லிம்களின் பள்ளிவாசல் ஆகிய நான்கும் அச்சாலையிலும் அதனை ஒட்டியும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. சுவெட்டன்ஹாம் துறைமேடையில் சொகுசுக் கப்பல் ஒன்று வந்து நின்றால், அதன் பிரயாணிகள் சில மணி நேரம் அச்சாலையில் உலாவுவர், படம் பிடிப்பர், மீண்டும் கப்பலேறுவர். கப்பல் லங்காவிக்கோ புக்கெட்டுக்கோ விரையும். தீவுகளைச் சுற்றிவரும் இவ்வுல்லாசப் பிரயாணத்தில் வெள்ளையரும் சீனரும் மட்டுமல்லர், நம்மவரும் இப்போது குடும்பத்தோடு செல்கின்றனர்.

செல்லட்டும். உழைத்தவன் ஓய்வு பெறுதலும், கடற்காற்றை நுகர்தலும் குற்றமல்ல. தோட்டத் தமிழனின் மகனுக்கு இன்பம் எதற்கு என்று கேட்பவன் நமக்குப் பகைவனே. நாம் கேட்பது வேறு: கப்பலேறும் தமிழன் கண்ணைத் திறந்துகொண்டு ஏறுகிறானா, மூடிக்கொண்டு ஏறுகிறானா?

இக்கடல் நமக்குப் புதிதன்று. அச்சாலையின் பெயருக்குரிய கப்பித்தான் யார்? காதர் மொய்தீன் மரைக்காயர் என்னும் தமிழ் முஸ்லிம் வணிகர். பள்ளிவாசல் 1801இல் தோன்றியது. கடல் வாணிகம் செய்த மரபினர் கட்டிய வணக்கத்தலம் அது. வணிகனுக்குப் பின் கூலி வந்தான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிப் பினாங்கில் இறங்கினான். 1926இல் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பல், தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. டெக் பிரயாணி என்றால் அறையில்லாதவன், கட்டிலில்லாதவன், தன் பாயை விரித்த இடமே தனக்கு வீடென்று கொண்டவன். 1973இல் ரஜூலாவின் ஓட்டம் நின்றது. பின்வந்த சிதம்பரம் கப்பலும் 1985இல் தீவிபத்துக்குள்ளானதோடு இவ்வழி விட்டு நீங்கியது. நம்மில் பெரும்பாலோர் அந்த டெக் பிரயாணிகளின் பேரர், அல்லது கொள்ளுப்பேரர்.

தீவுகளைக் காணப் புறப்படுவோரே! உங்கள் பாட்டனார் இந்நாட்டில் முதன்முதல் கண்ட தீவு எது தெரியுமா? அவர் பினாங்கில் இறங்கியவராயின், அஃது அழகிய மணற்கரையுடைய லங்காவி அன்று. ஜெரஜாக்காக இருத்தல் கூடும். பினாங்குத் தீவின் கிழக்குக் கரையருகே இருக்கும் அச்சிறு தீவில் தொழுநோயாளர் குடியிருப்பு இருந்தது. வந்திறங்குவோரை நிறுத்திவைக்கும் நோய்த்தடுப்பு முகாமும் இருந்தது. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூலி அங்கே காத்துக் கிடந்த பிறகே ஊருக்குள் விடப்பட்டான். 1969 முதல் 1993 வரை அதே தீவு சிறைச்சாலையாயிற்று. சிறை போன பின் உல்லாச விடுதி ஒன்றும் அங்கே எழுந்தது. ஒருவனை அடைத்த இடத்தில் இன்னொருவன் இளைப்பாறினான். இடையே நடந்தது யாது என்று கேட்பாரில்லை. இம்மறதியையே நாம் கண்டிக்கிறோம்.

பழங்கதை போகட்டும், இன்றைய கப்பலைப் பார்ப்போம். மேல்தட்டில் நீச்சற்குளம், நாடகம், நாள் முழுதும் விருந்து. அடித்தட்டில் யார்? பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளின் பிள்ளைகள். படுக்கை மாற்றுவோர், பாத்திரம் கழுவுவோர், துணி வெளுப்போர் அவர்களே. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் அவர்களுக்குக் காப்பாக உள்ளது என்பது உண்மையே. அவ்வொப்பந்தமே வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்க இடந்தருகிறது என்பதும் உண்மை. கரையில் உள்ள தொழிலாளிக்கு மலேசியச் சட்டம் 2023 முதல் விதித்துள்ள வாராந்திர வேலைநேரம் 45 மணி. பெருங்கப்பல்களிற் பல, முதலாளியின் நாட்டிலன்றிப் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைப் பறக்கவிடுகின்றன. கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு, தொழிலாளி ஒரு நாடு! அவன் முறையிட எந்தக் கதவைத் தட்டுவான்?

2020 பிப்ரவரியில், ஜப்பானின் யோக்கஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் என்னும் கப்பல் நோய்த்தடுப்புக்காக நிறுத்தப்பட்டதை உலகம் கண்டது. சுமார் 3,700 பேர் அதில் இருந்தனர். 700க்கும் மேற்பட்டோரைக் கொரோனா பற்றியது. பிரயாணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். அவ்வறைகளுக்கு உணவு கொண்டு சென்றவர் யார்? நெருக்கமான அறைகளைப் பகிர்ந்து உறங்கிய பணியாளரே. அவர்களுள் இந்தியர் மட்டும் 132 பேர். ஜெரஜாக் முகாம் கடலில் மிதந்து வந்தது போன்ற நிகழ்ச்சி அது. அன்றும் காவலின் சுமை கூலியின் தலைமேல், இன்றும் அவ்வாறே.

“அவர்களுக்கு வேலை கிடைக்கிறதே” என்று சிலர் வாதிப்பர். கங்காணியும் இதைத்தான் சொன்னான். வேலை தருதல் நீதி தருதலாகாது. ஆகுமாயின் தோட்டத்துத் துரையும் தர்மவானே. “கப்பல் வந்தால் ஊர் பிழைக்கும்” என்று வேறு சிலர் கூறுவர். சிறிது பிழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் உணவுக்கும் உறக்கத்துக்கும் கப்பலிலேயே பணங்கட்டியவன், சில மணி நேரம் இறங்கிய ஊரில் எத்துணை செலவிடுவான்? தீவுகள்தாம் இவ்வுல்லாசத்தைத் தாங்குமா? தாய்லாந்தின் மாயாக் குடாவில் படகும் கூட்டமும் மிகுந்து பவளப்பாறைகள் பாழானபடியால், அரசே 2018 சூனில் அதனை மூடி, 2022 சனவரியில்தான் மீண்டும் திறந்தது. பெருங்கப்பல்கள் வெனிஸ் நகரின் நடுவே புகுவதை 2021இல் இத்தாலிய அரசு தடுத்தது. கப்பலால் பிழைப்பதாகச் சொல்லப்பட்ட ஊர்களிலேயே கப்பலுக்கும் கூட்டத்துக்கும் கதவடைக்கப்பட்டதை எண்ணிப் பாருங்கள்.

“ஒருமுறையேனும் துரையைப் போல் இருந்து பார்க்கிறோமே!” என்பது மூன்றாவது வாதம். நெஞ்சைத் தொடும் வாதமும் இதுவே. இடர் மிக்கதும் இதுவே. மூன்று நாள் துரையாவதற்குத் தவணைக் கடன் வாங்கும் குடும்பங்கள் உள. முன்பணக் கடனைச் சுமந்து கரையிறங்கினான் பாட்டன்; கடனைச் சுமந்து கப்பலேறுகிறான் பேரன். பணம் போவதினும் பெரிய கேடு, துரைபோல் இருக்க விரும்பும் அவ்விருப்பத்தில் இருக்கிறது. துரையிடம் நாம் வெறுத்தது அவன் நாற்காலியையா? அன்று. அவன் ஏவியதையும், ஏவப்பட்டவனை மனிதனாகக் காணாததையும் வெறுத்தோம். அந்த நாற்காலியில் நாமே அமர்ந்து அவன் குரலிலேயே பேசுவோமாயின், நாம் பெற்ற விடுதலை யாது?

ஆகவே, தோழர்காள், கப்பலேறாதீர் என்று நாம் கூறவில்லை. கடன் வாங்கி ஏறாதீர் என்கிறோம். சீட்டு வாங்குமுன், அக்கப்பலில் உழைப்பவனுக்குத் தொழிற்சங்க உடன்படிக்கை உண்டா, அவன் வேலைநேரம் எத்துணை என்று கேளுங்கள். பதில் கூற மறுக்கும் கம்பெனிக்கு உங்கள் பணத்தை மறுங்கள். உணவு கொண்டுவருபவனைப் பெயர் கேட்டு, மரியாதை தந்து அழையுங்கள். பினாங்கில் இறங்கினால் பள்ளிவாசலைப் படம் பிடிப்பதோடு நில்லாமல், கப்பித்தான் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஜெரஜாக்கைப் பற்றியும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு, அதற்குக் காலம் குறுகிவிட்டது. ரஜூலாவில் வந்த முதியோர் நம்மிடையே ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். அவர் வந்த வகை, பட்ட துயர், உடன் வந்து மாண்டோர் பெயர் ஆகியவற்றை எழுதி வையாத குடும்பங்கள் எண்ணில. உல்லாசப் பிரயாணத்துக்கு ஒதுக்கும் மூன்று நாளில் ஒரு நாளை அவர் அருகில் அமர்ந்து கழியுங்கள். ஏடும் எழுதுகோலும் போதும். தீவுகள் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அம்முதியோர் இருப்பர் என்று யார் உறுதி கூறவல்லார்?